406-இன் சல்லடை

பிப்ரவரி 4, 2023. சனிக்கிழமை. பிற்பகல் 2.20.

ஷெட்டில் நீராவி என்ஜின்கள் ஐந்து. ஓடுவது ஒன்று, 406. அந்த ஒன்றும் இன்று காலை ஒன்பதாம் கிலோமீட்டரில் நின்றுவிட்டது.

மற்ற நான்கின் நிலவரம்: 401 கொதிகலன் சோதனைக்காகப் பணிமனைக்குப் போய் ஏழு மாதம். 403-க்கு நெருப்புப் பெட்டியில் விரிசல். 404-க்குப் பல்சக்கரம் உடைந்து, புதிதாக வார்க்கக் கொடுத்த இடத்திலிருந்து கடிதத்துக்குக் கடிதம்தான் வருகிறது. 409-ஐ என்ஜின் என்று சொல்வதே பொய். உதிரி பாகங்களைக் கழற்றிக் கழற்றி வெறும் கூடாக நிற்கிறது.

கல்லாம்பள்ளி அடிவாரத்திலிருந்து தேன்கொம்பை வரை பத்தொன்பது கிலோமீட்டர் மலைப்பாதை. ஜனங்கள் டிக்கெட் எடுப்பது ஊர் போய்ச் சேர அல்ல, நீராவிக்காக. அந்த நீராவிக்கு நான் பொறுப்பு. ஜூனியர் இன்ஜினியர், பதினான்கு மாத சர்வீஸ்.

நின்றதற்குக் காரணம் சல்லடை. என்ஜினின் முன்பக்கம், புகைபோக்கிக்கு அடியில், புகைப்பெட்டிக்குள் ஒரு கம்பி வலை உண்டு. தீப்பொறி வெளியே பறக்காமல் அது தடுக்கும். இப்போது வரும் கரி மட்டமான கரி. பாதி எரிந்த தூள் வலைக் கண்களை அடைத்துவிடுகிறது. புகை போக வழியில்லை, காற்று இழுப்பு இல்லை, நெருப்பு மங்குகிறது, அழுத்தம் இறங்குகிறது. டிரைவர் ஸ்டான்லி ஜெபராஜ், "சார், மூக்கைப் பொத்திக்கிட்டு மாடியேறச் சொன்னா எப்படி ஏறும்?" என்றார்.

112 பயணிகள். வண்டியை அப்படியே பின்னால் இறக்கினோம். நான் தண்டவாளத்தில் நின்றிருந்தேன். ஜன்னலிலிருந்து ஒருவர் செல்போனை நீட்டி, "நீங்கதான் இன்ஜினியரா?" என்றார். ஆமாம் என்றேன். "ரொம்ப சந்தோஷம்" என்று கைதட்டினார். பெட்டி முழுக்கக் கைதட்டியது. குழந்தைகள்கூட.

முகம் எரிந்தது. இப்போதும் எரிகிறது.

பிப்ரவரி 6

அந்த வீடியோவை நாற்பதாயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள். தங்கை அனுப்பியிருந்தாள். கீழே ஒரு சிரிப்புப் பொம்மை.

எங்கள் சீனியர் வரதராஜுலு கூப்பிட்டார். இருபத்தாறாம் தேதி சிறப்பு வண்டி. பெரிய அதிகாரிகள், அவர்கள் குடும்பங்கள், பத்திரிகைக்காரர்கள்.

"ஏம்ப்பா, அன்னிக்கு 406 மேல போயிடுமா?"

"இந்தக் கரிக்கு வழியில சல்லடையைக் கழட்டிச் சுத்தம் பண்ணணும் சார். ஒரு தடவைக்கு அரை மணி."

"அரை மணி நேரம் அவங்களை வெச்சுக்கிட்டு நான் என்ன பாட்டா பாடறது? எப்படின்னு என்கிட்ட கேக்காத. வண்டி மேல போய் நிக்கணும். அவ்வளவுதான்."

பிப்ரவரி 9

பாதைச் சோதனைக்காகத் தண்டவாளப் பராமரிப்புக் கேங்குடன் ஆறாம் கிலோமீட்டர் வரை நடந்தேன். எரிகோடு வேலை நடக்கிறது. கோடைக்கு முன்னால் தண்டவாளத்தின் இரு பக்கமும் ஐந்து மீட்டர் அகலத்துக்குக் காய்ந்த புல்லை இவர்களே எரித்து அணைத்துவிடுவார்கள். பிறகு பொறி விழுந்தாலும் பற்ற எதுவும் இருக்காது. இதற்கு மேல் பின்நடை என்று ஒன்று உண்டு. நீராவி வண்டி போன பத்தாவது நிமிடம் இரண்டு பேர், தோளில் தண்ணீர் டின், கையில் பச்சைக் கொப்புடன் பின்னாலேயே நடப்பார்கள்.

எரிகோட்டுக்கு மேஸ்திரி செவந்தி. நாற்பது வயது இருக்கும். கணவர் இதே கேங்கில் இருந்து இறந்தபின் இந்த வேலைக்கு வந்தவர். எரித்து முடித்த இடத்தில் குனிந்து குனிந்து சாம்பலில் உள்ளங்கையை அழுத்திப் பார்க்கிறார். ஒவ்வொரு நான்கடிக்கும் ஒரு தடவை. ஒரு கிலோமீட்டர் முழுக்க. எனக்குப் பொறுமை போய்விட்டது. என் வெப்பமானித் துப்பாக்கியை எடுத்துக் காட்டினேன்.

"இது ரெண்டு செகண்டுல சொல்லிடும்."

"அதுக்கு பேட்டரி போடோணுமுங்க சார். இதுக்குச் சோறு போட்டாப் போதும்" என்று கையைக் காட்டினார். கேங்கே சிரித்தது. மாதன் என்கிற கேங்மேன் உட்கார்ந்தே விட்டான்.

"துப்பாக்கி மேலாப்புலதான் பாக்குமுங்க. நெருப்பு வேருக்குள்ள கெடக்கும்" என்றார் பிறகு, சமாதானமாக. அது சரிதான். நான் ஒத்துக்கொள்ளவில்லை.

பிப்ரவரி 12

மறுபடி நின்றது. எட்டாம் கிலோமீட்டர். இந்தத் தடவை நான் இறங்கவில்லை. கரி அள்ளிப் போடும் ஃபயர்மேன் பக்கத்தில் கரிக்குவியலை ஒட்டி உட்கார்ந்துகொண்டேன், யாருக்கும் தெரியாதபடி.

பிப்ரவரி 14

406-இல் ஒரு சின்ன மாற்றம் செய்தேன். இழுப்பு நன்றாக இருக்கிறது.

ஸ்டான்லி தேவையில்லாமல் சத்தம் போட்டார். "இதை எழுதிக் குடுங்க சார், நான் ஓட்டறேன்."

"பதிவேட்டுல கையெழுத்து என்னோடது. உங்க வேலை ரெகுலேட்டரைத் திறக்கிறது. திறங்க."

கொஞ்சம் கடுமையாகத்தான் சொன்னேன். முப்பது வருடம் ஓட்டினால் வெப்ப இயக்கவியல் தெரிந்துவிடாது.

பிப்ரவரி 15

தேன்கொம்பைக்கு நான்கு நிமிடம் முன்னதாகவே போய்ச் சேர்ந்தது. வரதராஜுலு மைசூர்பாகு வாங்கி அனுப்பினார்.

பிப்ரவரி 20

தினமும் சரியான நேரம். ஸ்டான்லி மட்டும், "சார், சுரங்கத்துக்குள்ள ஒருதரம் வந்து பாருங்க. தீபாவளி மாதிரி இருக்கு" என்கிறார். மிகைப்படுத்துகிறார். போய்ப் பார்க்க நேரமில்லை, சிறப்பு வண்டிக்குப் பெயின்ட் வேலை.

பிப்ரவரி 24

கேங் பதினோராம் கிலோமீட்டர் எரிகோட்டை இன்று முடித்தது.

பிப்ரவரி 26. ஞாயிறு.

சிறப்பு வண்டி 9.52-க்கு மேலே போய்ச் சேர்ந்தது. மாலை, மத்தளம், புகைப்படம்.

10.15-க்குப் பதினோராம் கிலோமீட்டர் புல்மேட்டில் தீ. பின்நடை போன மாதனுக்கு இரண்டு கைகளிலும் தீக்காயம். பிற்பகல் மூன்று வரை எரிந்தது. பதினாறு ஏக்கர் என்கிறார்கள்.

மாலை 5.30-க்கு 406-இன் சல்லடையை மாற்றினேன். புதியது. மாற்ற வேண்டிய நாள் வந்துவிட்டது.

பிப்ரவரி 27

புல்மேட்டுக்குப் போனேன். தண்டவாளத்தின் இரு பக்கமும் எரிகோடு ஒழுங்காக, கறுப்பாக, ஒரே அகலத்தில் இருக்கிறது. அதற்கு மேல் பாறைச் சரிவு. தீ பற்றிய இடம் சரிவுக்கும் மேலே. நாடா வைத்து அளந்தேன். தண்டவாளத்திலிருந்து முப்பத்தொரு மீட்டர். பின்நடை போகிறவர்களுக்குக் கீழே இருந்து அது தெரிந்திருக்காது. புகையைப் பார்த்துத்தான் மாதன் ஏறியிருக்கிறான். தண்ணீர் தீர்ந்ததும் கொப்பால் அடித்திருக்கிறான். கொப்பு எரிந்ததும் கையால்.

அளவை நோட்டில் எழுதினேன். அறிக்கையில் எழுதவில்லை, இன்னும் முடிவாகவில்லை.

மார்ச் 1

விசாரணை அதிகாரி 406-ஐச் சோதித்தார். சல்லடையின் கண்களைக் காலிப்பர் வைத்து அளந்தார். எல்லாம் விதிப்படி. "இந்த ஷெட்டில் பராமரிப்பு நன்றாக இருக்கிறது" என்று எழுதினார்.

மதியம் சாப்பிடவில்லை. வெயில்.

மார்ச் 3

விசாரணை. என்ஜின் சரி என்றாகிவிட்டதால், மிச்சம் இருந்தது எரிகோடு. இருபத்துநாலாம் தேதி வைத்த நெருப்பு முழுதாக அணையாமல், ஏதோ ஒரு வேருக்குள் இரண்டு நாள் கனன்று, காற்றில் மேலே போயிருக்க வேண்டும் என்பது அதிகாரியின் எண்ணம். என்னைத் தொழில்நுட்ப உறுப்பினராக உட்கார வைத்திருந்தார்கள்.

செவந்தி நின்றுகொண்டே பதில் சொன்னார்.

"நெருப்பு அணைஞ்சதுன்னு எப்படிம்மா உறுதியாச் சொல்றே?"

"கை வெச்சுப் பாத்தனுங்க."

"எங்கே?"

"எல்லாப் பக்கமும்தானுங்க."

"ஒரு கிலோமீட்டர் முழுக்கக் கையை வெச்சே?"

"ஆமாங்க. எப்பவும் அப்படித்தானுங்க."

யாரோ, "கைராசிக்காரங்க போலிருக்கு" என்றார்கள். அறை சிரித்தது.

என்னைக் கேட்டார்கள். அளவுக் கருவி எதுவும் பயன்படுத்தப்படவில்லை என்று சொன்னேன். காற்றின் வேகம் அன்று அதிகம் என்று சொன்னேன். இரண்டும் உண்மை.

செவந்தியைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்துவிட்டார்கள். தினமும் காலை ஆறு மணிக்கு மட்டும் கேங் கொட்டகைக்கு வந்து கையெழுத்துப் போட வேண்டும்.

மார்ச் 4

சிரித்தவர்களில் நானும் ஒருவன்.

மார்ச் 8

நெருப்பு கிளறும் கம்பி எங்கே என்று கேட்கப்போன இடத்தில் ஸ்டான்லி தனியாக இருந்தார். புதுச் சல்லடையோடு வண்டி மறுபடி எட்டிலும் ஒன்பதிலும் நிற்கிறது. வழியில் நெருப்பைக் கிளறிக் கிளறி அவர் தோள்பட்டை வீங்கியிருந்தது. நான் ஏதோ பேச ஆரம்பித்தேன்.

"நான் யார்கிட்டயும் சொல்லலை சார், பயப்படாதீங்க. ஓட்டினவன் நான். பொறியைப் பாத்தவனும் நான். நிறுத்தியிருக்கலாம், நிறுத்தலை. அதனால உங்களைச் சொல்ல எனக்கு வாய் கிடையாது." கையைத் துணியில் துடைத்தார். "ஆனா ஒண்ணு. காலைல கொட்டகை வாசல்ல அந்தம்மா கையெழுத்துக்காக உக்காந்திருக்கும்போது, எதிர்க்கடையில நின்னு நீங்க எப்படி டீ குடிக்கிறீங்கன்னுதான் எனக்குப் புரியலை."

நாளையிலிருந்து டீயை ஷெட்டுக்கே வரவழைத்துக்கொள்ளலாம்.

மேலே உள்ள வரியை எழுதிவிட்டுப் படித்தேன். அடிக்காமல் விடுகிறேன். நான் எப்படிப்பட்டவன் என்பதற்கு அது இருக்கட்டும்.

மார்ச் 11

இதை நேராக எழுதிவிடுகிறேன்.

பிப்ரவரி 14-இல் நான் "சின்ன மாற்றம்" என்று எழுதியது இது: புகைப்பெட்டியைத் திறந்து, சல்லடையின் மேல்பாதியை வெட்டி எடுத்தேன். நாற்பது சென்டிமீட்டருக்கு இருபத்தைந்து. வெட்டியது என் கை, உளி என் உளி. பதிவேட்டில் "சல்லடை சோதிக்கப்பட்டது, குறையில்லை" என்று எழுதியதும் என் கை.

பொறி எவ்வளவு தூரம் பறக்கும் என்று எனக்குத் தெரியும். கணக்குப் போட்டேன். மலைக்காற்றில் முப்பது மீட்டர் சாதாரணம் என்று விடை வந்தது. பிப்ரவரி 13-ஆம் தேதியே வந்தது. இருபத்தாறு வரைக்கும்தானே என்று நினைத்தேன். பதின்மூன்று நாளில் என்ன ஆகிவிடும் என்று.

கரி மட்டம் என்பது உண்மை. என்ஜின் இல்லை என்பது உண்மை. மேலே போய் நிற்கணும் என்று வரதராஜுலு சொன்னதும் உண்மை. ஆனால் வெட்டச் சொன்னது யாரும் இல்லை. என்னால் அந்தக் கைதட்டலை மறுபடி கேட்க முடியாது. அவ்வளவுதான் காரணம்.

எழுதியாகிவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. நோட்டில் சொல்வது சொல்வதில் சேராது.

மார்ச் 14

மாலை நாலரைக்குச் செவந்தி ஷெட்டுக்கு வந்தார். குற்றச்சாட்டுக் கடிதத்தை பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். பத்து நாளைக்குள் பதில் எழுத வேண்டும். ஆங்கிலத்தில் எழுதினால் மேலே சீக்கிரம் படிப்பார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"சங்கத்துல கேட்டா அடுத்த வாரம் வாங்கறாங்க. நீங்க படிச்சவங்க. அன்னிக்கு அந்த ரூமுல நீங்களும் இருந்தீங்க. அதான் வந்தனுங்க சார்."

வரவேண்டிய கடைசி இடத்துக்கு வந்திருக்கிறார். நாற்காலி போட்டேன். உட்காரவில்லை.

"அணைச்சுட்டுத்தான் வந்தேன்னு எழுதோணுமுங்க. அதுதான் முக்கியம்."

"அப்படி எழுதினா வருஷக்கணக்குல இழுப்பாங்க. வருத்தம் தெரிவிச்சு எழுதினா ஒரு இன்கிரிமென்ட் வெட்டிட்டு விட்டுடுவாங்க. நான் பாத்திருக்கேன்."

நான் பார்த்ததில்லை.

கடித உறையைத் தடவி நேராக்கினார். "வேலையும் வீடும் இருந்தாப் போதுமுங்க. பையன் பாலிடெக்னிக் ரெண்டாவது வருசம். கோட்டர்ஸ விட்டா எங்க போறது? நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்."

எழுதினேன். தமிழில் சொல்லிக் காட்டினேன். தமிழில் கையெழுத்துப் போட்டார், ஒவ்வொரு எழுத்தாக, கோட்டுக்கு மேலே நேராக. போகும்போது, "பேட்டரி விசயத்துல சிரிச்சதுக்கு மனசுல வெச்சுக்காதீங்க சார்" என்றார்.

மார்ச் 20

பதில் வந்துவிட்டது. "ஊழியர் தன் தவறை ஒப்புக்கொண்டிருப்பதால்" மேல் விசாரணை தேவையில்லை. பணியிலிருந்து நீக்கம் செய்ய உத்தேசம். 24-ஆம் தேதி காலை பதினொரு மணிக்குக் கடைசியாக ஒரு தடவை அவர் பேசக் கேட்பார்கள். அன்றே உத்தரவு. குவார்ட்டர்ஸைக் காலி செய்ய ஒரு மாதம்.

வரதராஜுலு கடிதத்தைப் புரட்டிப் பார்த்தார். "நல்ல இங்கிலீஷ். யாருப்பா எழுதிக் குடுத்தது? பாவம், அவ கழுத்துக்கு அவளே கயிறு திரிச்சிருக்கா."

ஒரு இன்கிரிமென்ட் என்றுதான் உண்மையிலேயே நினைத்தேன். இதையும் யாராவது நம்ப வேண்டும் என்று எனக்கு ஆசை. இங்கே யாரும் இல்லை.

மார்ச் 23. வியாழன். மாலை 6.10.

கொட்டகைப் பக்கம் போகாமல் சுற்றிப் போகும் பாதையில்தான் இப்போதெல்லாம் வருகிறேன். இன்று அந்தப் பாதையிலேயே செவந்தி வந்தார். ஆஸ்பத்திரியில் மாதனைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். கையில் பிரிக்காத பிஸ்கட் பொட்டலம்.

"வாங்கிக்க மாட்டேனுட்டானுங்க சார். மூஞ்சியவே திருப்பிக்கிட்டான். நெருப்பு முழுசா அணையறதுக்குள்ள திரும்பி வந்தது உண்மைன்னு நானே எழுதிக் குடுத்திருக்கேனாம். ஆபீஸ்ல யாரோ படிச்சுச் சொல்லியிருக்காங்க. அப்படியா சார் எழுதியிருக்குது?"

அந்தக் கடிதத்தின் நான்காவது வரி அதுதான். பதினாலாம் தேதி நான் சொல்லிக் காட்டும்போது மூன்றாவது வரியிலிருந்து ஐந்தாவது வரிக்குப் போய்விட்டேன். இதை இந்த நோட்டில்கூட எழுதவில்லை.

"பொதுவா... ஒரு வாசகம்" என்றேன்.

என்மேல் பாய்வார் என்று நினைத்தேன். பாய்ந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் தலையை ஆட்டினார்.

"இருக்குமுங்க சார். பொய் எழுதியிருக்க மாட்டீங்க. எனக்கே இப்ப சந்தேகமா இருக்குதுங்க. அன்னிக்கு வெயிலு. கடைசி அம்பதடிய ஒழுங்காப் பாத்தனா, இல்ல பாத்த மாதிரி வந்துட்டனான்னு. ராத்திரியெல்லாம் அந்த எடத்தயே மனசுல தடவிக்கிட்டுக் கெடக்கறனுங்க. ஒரு எடத்துல சுட்ட மாதிரிகூட ஞாபகம் வருது. அவன் கையப் பாத்தீங்களா சார்? டம்ளர் புடிக்க முடியல. எம்மட நெருப்புத்தான் அவனச் சுட்டிருக்கும்."

அவருடைய வேலையை எடுத்தேன், வீட்டை எடுத்தேன். அது போதாதென்று, அவர் செய்யாத ஒன்றின் ஞாபகத்தை அவருக்குள்ளேயே போய் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். இனி என்னை யாரும் தேட வேண்டியதில்லை. அவரே அவரைப் பிடித்துக்கொடுத்துவிட்டார்.

அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். வாய் திறந்தது. "ஆட்டோ பிடிச்சுத் தரட்டுமா?" என்று கேட்டது.

"நடந்தே போயிருவனுங்க" என்று போய்விட்டார்.

இப்போது மணி 6.40. நாளை பதினொரு மணிக்கு உத்தரவு. எனக்கு வார்த்தை வராது, பட்டியல் வரும். எழுதிவிட்டு இப்போதே கிளம்புகிறேன். காலை வரை வைத்திருந்தால் ஒரு காரணம் கண்டுபிடித்துவிடுவேன்.

1. செவந்தியின் குவார்ட்டர்ஸுக்கு இன்றே போக வேண்டும். முதல் வாக்கியம்: "நீங்கள் வைத்த நெருப்பு அணைந்திருந்தது." மன்னிப்பு அதற்குப் பிறகு. முதலில் அவருக்கு அது தெரிய வேண்டும்.

2. அவர் பையன் இருந்தால் அவன் முன்னாலேயே சொல்ல வேண்டும். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லக் கூடாது.

3. கரி, என்ஜின் பற்றாக்குறை, வரதராஜுலு ஆகிய மூன்றையும் அந்த வீட்டில் பேசக் கூடாது.

4. நாளை காலை எட்டு மணிக்கு ஆஸ்பத்திரி. மாதனிடமும் இதே. எதுவும் வாங்கிக்கொண்டு போகக் கூடாது. அவன் என்ன சொன்னாலும் நின்று கேட்க வேண்டும்.

5. பத்தரைக்குள் விசாரணை அதிகாரியிடம் எழுத்தில்: வெட்டியது நான், பொய்ப் பதிவு நான், 26-ஆம் தேதி மாலை மாற்றி மறைத்தது நான். முப்பத்தொரு மீட்டர் அளவையும் சேர்க்க வேண்டும். ஸ்டான்லி எதிர்த்தார் என்பதையும்.

6. செவந்தி பெயரில் உள்ள கடிதம் என்னுடையது, நான்காவது வரி அவருக்குத் தெரியாமல் எழுதப்பட்டது என்று தனியாக ஒரு தாளில், என் கையெழுத்துடன். கேட்டால் தமிழில் உரக்கப் படித்துக் காட்ட வேண்டும், ஒரு வரி விடாமல்.

7. பதினொரு மணிக்கு அந்த அறையில் இருக்க வேண்டும். உறுப்பினர் நாற்காலியில் அல்ல. அவர் நின்ற இடத்தில்.